கேம் ஆடினால் அணையும் பழைய லேப்டாப்: எங்கிருந்து பார்ப்பது?

கோலாலம்பூர் செந்தூலில் லேப்டாப் பழுதுபார்க்கும் என் மேசைக்கு வரும் பையன்கள் எல்லாரும் ஒரே பாட்டுதான்: "அண்ணே, கேம் ஆடுனா பட்டுனு செத்துப் போவுது. ஃபார்மட் பண்ணிக் குடுங்க." நான் உடனே பண்ணுவதில்லை. எப்படிச் செத்துப்போகிறது என்று முதலில் கேட்பேன்.

கரண்ட் போனதுபோல் பட்டென்று அணைந்தால், சூடு அல்லது பவர். நீலத்திரை வந்தால் பெரும்பாலும் மெமரி அல்லது டிரைவர் (பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்). திரையில் இருக்கும் குறியீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கேம் மட்டும் மூடிக்கொண்டால், டிரைவரையும் கேம் ஃபைல்களையும் பாருங்கள். கலர் கலராகப் புள்ளி, கோடு வந்தால் கிராஃபிக்ஸ் சிப் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

கவனிக்கவில்லையா? விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறங்கள். கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக இருக்கும். அதைப் பார்த்துப் பவர் சப்ளை போச்சு என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறைய. முறையாக மூடாமல் மெஷின் நின்றது என்பதைத் தவிர அந்த 41 பெரும்பாலும் வேறு எதுவும் சொல்லாது. அதற்குச் சற்று முன் பதிவானதைப் பாருங்கள். 4101 இருந்தால், டிஸ்பிளே டிரைவர் தடுமாறியிருக்கிறது.

சூட்டுக்கு வருவோம். நம் ஊரில் மதியம் ஏர்கோன் இல்லாத பிளாட் அறையே 32 டிகிரி இருக்கும். லேப்டாப் அதற்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. சூட்டை அளந்து காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) இலவசம், ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. அதில் லாகிங்கை, அதாவது அளவுகளை ஃபைலில் பதியும் வசதியை, ஓடவிட்டு, வழக்கமாக அணையும் கேமை ஆடுங்கள். மெஷின் அணைந்தாலும் கடைசி அளவுகள் ஃபைலில் கிடக்கும். பல இன்டெல் சிப்களுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதை நெருங்கியதும் சிப் தானே வேகத்தைக் குறைக்கும். கேம் முதலில் திக்கும், அப்புறம் அணையும். 70 டிகிரியிலேயே அணைகிறதென்றால் சூட்டின் மேல் பழி போடாதீர்கள்.

சூடுதான் என்றால் அடிமூடியைக் கழற்றுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கனெக்டரையும் எடுத்த பிறகுதான் மற்ற வேலை. விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசு கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும். சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்து ஆடுகிறவர்களின் மெஷினில் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து காற்றடித்தால் அது உள்ளேதான் போகும். விசிறியைக் கழற்றி, இடுக்கியால் உரித்தெடுங்கள். காற்றடிப்பதாக இருந்தால் விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை இழுக்கும் செம்புப் பாகம்) திருகுகளின் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் இருந்தால் அந்த வரிசையில்தான் முடுக்க வேண்டும். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே காய்ந்து சுண்ணாம்பாகிப்போன பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதியது போடுங்கள்.

சூடு சரியாக இருக்கிறது, ஆனாலும் அணைகிறதா? அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 19.5 வோல்ட், 6.15 ஆம்பியர் என்றிருந்தால், பெருக்கினால் சுமார் 120 வாட். பழைய அடாப்டர் போய், அண்ணனுடைய 65 வாட்டைச் செருகியிருப்பார்கள். சார்ஜ் ஏறும், பாட்டு ஓடும். கேம் தொடங்கினால் தாங்காது. பேட்டரியும் தளர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். டச்பேட் மேலே தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம்: அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

மெமரி மேல் சந்தேகம் என்றால், அதைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ இரவு ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். பிழை வந்தால் இரண்டு ரேம் (மெமரி) துண்டுகளையும் தனித்தனியாகப் போட்டுச் சோதியுங்கள். டிரைவர் மேல் சந்தேகம் என்றால் அதைச் சுத்தமாக நீக்கிவிட்டு, லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் இருப்பதைப் போடுங்கள். பழைய சிப்புக்குப் புத்தம்புதிய டிரைவர்தான் நல்லது என்று கிடையாது.

விண்டோஸ் வருவதற்கு முன்பே, மெஷின் எழும்போது வரும் பயோஸ் திரையிலும் கலர் புள்ளிகள் வந்தால் டிரைவரால் ஒன்றும் ஆகாது. சிப்பைச் சூடுபடுத்தி உயிர்கொடுப்பதாகச் சிலர் சொல்வார்கள். உயிர் வரும், நிலைக்காது. அதற்குக் காசு கொடுக்காமல், பிட்லாக்கர் ரிக்கவரி கீயை (விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டியிருந்தால் திறக்கும் எண்) தேடி வைத்துக்கொண்டு, ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றுங்கள். யூஎஸ்பி உறையில் போட்டுப் படங்களையும் பாடக் குறிப்புகளையும் எடுத்த பிறகு, மெஷினை உதிரிபாகத்துக்குத் தள்ளிவிடலாம்.