பிக்கப் வண்டிக்குப் புது எக்ஸாஸ்ட்: முதல்முறை வாங்குபவர் படிப்படியாகப் பார்க்க வேண்டியவை

முதன்முதலில் என் பிக்கப்பின் எக்ஸாஸ்டை, அதாவது இன்ஜின் புகையை வெளியேற்றும் பைப் அமைப்பை, மாற்றியபோது ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான் முடிவெடுத்தேன். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்துக் காட்டும் வீடியோ ஒன்று. அந்தச் சத்தம் பிடித்துப்போனது, வாங்கிவிட்டேன். பொருத்திய வாரமே நான்கு மணி நேரப் பயணம். வேகம் எடுக்கும்போது கேட்க ஆசையாக இருந்த அதே சத்தம், வண்டி சீரான வேகத்துக்கு வந்ததும் "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் கேபினுக்குள் நின்றுகொண்டது. பின் கண்ணாடியில் விரல் வைத்தால் அதிர்வு தெரிந்தது. பின்சீட்டில் இருந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதமே அதைக் கழற்றினேன்.

அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: நீங்கள் அதிக நேரம் ஓட்டும் வேகத்தில் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பைப்பின் அளவு, மஃப்ளர் (சத்தத்தை அடக்கும் சைலன்சர்), உலோகம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

படி 1: வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள்

இன்ஜின் முழுவதும் ஆறட்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு ஒரு பாயை விரித்து அடியில் படுங்கள். பிக்கப் உயரமான வண்டி என்பதால் பார்ப்பதற்கு மட்டும் ஜாக்கி போட வேண்டியதில்லை.

இன்ஜினிலிருந்து பின்னோக்கிப் பைப்பைப் பின்தொடருங்கள். முதலில் மேனிஃபோல்ட், எல்லா சிலிண்டர்களின் புகையும் அங்கேதான் ஒன்றுசேர்கிறது. டர்போ இருந்தால் அடுத்தது அது. பிறகு புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். புதிய டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டியும், யூரியா திரவம் தெளிக்கும் எஸ்சிஆர் பகுதியும் கூடவே இருக்கும். சில வண்டிகளில் அதன்பின் குறிப்பிட்ட சுருதிகளை மட்டும் அடக்கும் ரெசனேட்டர், அப்புறம் பெரிய டப்பா போன்ற மஃப்ளர். கடைசியில் பைப் பின் ஆக்சிலுக்கு மேலே வளைந்து வெளியே வரும்.

பார்த்துக்கொண்டே போட்டோ எடுங்கள். எந்த இடத்தில் போல்ட் போட்ட ஃபிளேஞ்ச் (இரு பைப்களைச் சேர்க்கும் தட்டு) இருக்கிறது, எந்த இடத்தில் வெல்டிங் என்பது முக்கியம். கம்பெனிப் பைப் பல வண்டிகளில் ஆக்சிலுக்கு மேல் ஒரே துண்டாகப் போகும். அதை வெட்டாமல் வெளியே எடுக்க முடியாது. ஸ்டெப்னி டயர், டீசல் டேங்க், பிரேக் லைன், டிரெய்லர் ஹுக், இவை பைப்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்றும் பாருங்கள். பிற்பாடு "இது இடிக்குமா?" என்று சந்தேகம் வரும்போது இந்தப் போட்டோக்கள்தான் கைகொடுக்கும்.

படி 2: வண்டியின் விவரங்களை எழுதி வையுங்கள்

மாடலின் பெயர் மட்டும் போதாது. காரில் ஒரு மாடலுக்குப் பெரும்பாலும் ஒரே நீளம், பிக்கப்பில் அப்படியில்லை. ஃபோர்டு எஃப்-150ஐ எடுத்துக்கொண்டால் சரக்கு ஏற்றும் பின் தொட்டியே ஐந்தரை அடி, ஆறரை அடி, எட்டு அடி என்று வருகிறது. கேபினிலும் பல வகை. இரண்டும் மாற மாற வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம்) மாறும், பைப்பின் நீளமும் மாறும். ஆகவே தயாரிப்பு ஆண்டு, இன்ஜின், கேபின் வகை, தொட்டியின் நீளம், டூ வீல் டிரைவா ஃபோர் வீல் டிரைவா, சஸ்பென்ஷனை உயர்த்தியிருக்கிறீர்களா என்ற ஆறு விவரமும் கையில் இருக்க வேண்டும்.

படி 3: எதுவரை மாற்றப் போகிறீர்கள்?

ஆக்சில்-பேக் என்றால் பின் ஆக்சிலுக்குப் பின்னால் உள்ள பகுதி மட்டும். பல பிக்கப்களில் மஃப்ளரே ஆக்சிலுக்கு முன்னால்தான் இருக்கிறது. அந்த வண்டிகளில் இதனால் சத்தம் பெரிதாக மாறாது. கேட்-பேக் என்றால் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள எல்லாம். டீசலில் இதற்கு இணையானது டிபிஎஃப்-பேக். புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் சரியான எல்லை.

அதற்கு முன்னால் போகாதீர்கள். கன்வெர்ட்டரையும் டிபிஎஃப்பையும் எடுத்துவிட்டு வெறும் பைப் போடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் இதை வெளிப்படையாகவே தடைசெய்கிறது. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் உங்கள் வண்டியின் புகையைச் சுவாசிப்பவர்கள் பின்னால் வருகிறவர்களும், உங்கள் வீட்டுக் குழந்தைகளும்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

சத்தத்துக்கும் இடத்துக்கு இடம் அளவு வைத்திருக்கிறார்கள். மாற்று சைலன்சர்களுக்கென்றே ஐ.நா.வின் 59ஆம் விதி இருக்கிறது. அதை ஏற்ற நாடுகளில் விற்கும் சைலன்சரில் வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். உங்கள் பகுதியின் விதியை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பவரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேட்-பேக் மாற்றத்தால் கூடுகிற பவர் சிறிதுதான், ஆக்சிலரேட்டரில் கால் வைத்தால் தெரியும் அளவுக்கு இருக்காது. சத்தம், துருப்பிடிக்காத உலோகம், சில வேளை கொஞ்சம் எடைக் குறைவு, இவற்றுக்காக வாங்குங்கள்.

படி 4: பைப்பின் விட்டம்

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. ஒன்று, "பைப் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது." இன்னொன்று, "இன்ஜினுக்குப் பேக் பிரஷர் தேவை."

எந்த இன்ஜினுக்கும் பேக் பிரஷர் தேவையில்லை. புகை வெளியேற முடியாமல் எதிர்த்துத் தள்ளினால் அது இழப்புதான். புகையின் வேகம்தான் தேவை. ஒவ்வொரு சிலிண்டரும் புகையைத் துடிப்பு துடிப்பாகத் தள்ளுகிறது. ஒரு துடிப்பு வேகமாக ஓடும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைகிறது, அது அடுத்த புகையை இழுத்துக்கொண்டு போகிறது. மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் இதன் வேலை அதிகம், பின்னால் போகப்போகக் குறையும். தேவைக்கு மேல் பெரிய பைப் போட்டால் புகை மெதுவாகிறது, சீக்கிரம் ஆறுகிறது. சுமை இழுக்கும்போது வேண்டியிருக்கும் குறைந்த ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) இழுவைக்கு அதனால் லாபம் எதுவும் இல்லை; சத்தம் மட்டும் கூடும்.

அரை இன்ச்தானே என்று நினைக்க வேண்டாம். பரப்பு விட்டத்தின் இருமடிப்படி கூடும். இரண்டரை இன்ச் வட்டத்தின் பரப்பு சுமார் 4.9 சதுர இன்ச், மூன்று இன்ச் வட்டத்துக்கு சுமார் 7.1. அரை இன்ச் கூடியதில் வழி 44 சதவீதம் அகலமாகிறது. அதே கணக்கில் இரண்டரை இன்ச் பைப்கள் இரண்டு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மூன்றரை இன்ச் பைப்புக்குச் சமம். ஆகவே இரட்டைக் குழாய் பெரும்பாலும் தோற்றத்துக்காகத்தான். இரண்டாவது பைப்பின் எடையும், அது ஆக்சிலுக்கு மேல் பிடித்துக்கொள்ளும் இடமும் உங்களுக்குச் சம்மதமா என்று யோசியுங்கள்.

பெரிய மாற்றம் எதுவும் செய்யாத இன்ஜினுக்கு, கம்பெனிப் பைப்பின் அளவோ அதைவிட அரை இன்ச் கூடுதலோ போதும். டர்போ டீசலில் புகையின் வழியில் டர்போவே ஒரு தடை, அதற்குப் பின்னால் வழி தாராளமாக இருப்பதில் தவறில்லை. பெரிய டீசல் பிக்கப்களில் நான்கு இன்ச் சாதாரணமாகப் பார்க்கும் அளவு.

படி 5: மஃப்ளரும் கேபின் இரைச்சலும்

நேரம் அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

மஃப்ளரில் முக்கியமாக இரண்டு வகை. அறை வகையில் உள்ளே தகடுகளால் தடுத்த அறைகள் இருக்கும். ஒலி அலைகள் அவற்றில் மோதித் திரும்பி ஒன்றையொன்று அடக்கும். சத்தம் அடித்தொண்டையில் உறுமுவது போல வரும். ஃப்ளோமாஸ்டர் பெயர் வாங்கியது இந்த வகையில்தான். நேர்வழி வகையில் ஓட்டை போட்ட ஒரு குழாய் நடுவில் நேராகப் போகும், அதைச் சுற்றி நார்ப்பொதி. போர்லா, மேக்னாஃப்ளோ இரண்டும் இதற்குப் பேர்போனவை. புகைக்குத் தடை மிகக் குறைவு. மஃப்ளர் நீளமாக இருந்தால் சத்தம் மிருதுவாகும், குட்டையாக இருந்தால் கத்தும்.

இனி அந்த "ம்ம்ம்" எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும். ஆகவே ஆர்பிஎம்மை 60ஆல் வகுத்து, சிலிண்டர் எண்ணிக்கையில் பாதியால் பெருக்கினால் ஒரு நொடிக்கு எத்தனை வெடிப்பு என்று கிடைக்கும். 1800 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டருக்கு 60 ஹெர்ட்ஸ், வி6க்கு 90, வி8க்கு 120. எல்லாமே தாழ்ந்த சுருதி. பிக்கப்பின் கேபின் ஒரு சின்னப் பெட்டி, அதன் பின்சுவர் தட்டையான தகடும் கண்ணாடியும். வெடிப்பின் சுருதியும் கேபினின் சுருதியும் ஒத்துப்போகும் ஆர்பிஎம்மில் கேபின் முழுவதும் கடம் போல ஒலிக்க ஆரம்பிக்கும். சில வி8 பிக்கப்கள் எரிபொருள் மிச்சம் பிடிக்க, சீரான வேகத்தில் பாதி சிலிண்டர்களை நிறுத்திவிடும். அப்போது சுருதியும் பாதியாக இறங்கும், அதுவரை இல்லாத இரைச்சல் திடீரென்று வரும்.

ஆகவே முதலில் உங்கள் வழக்கமான வேகத்தில் ஆர்பிஎம் எவ்வளவு என்று இரண்டு முறை குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்று காலி வண்டியில், இன்னொன்று சுமையோடு. பிறகு அதே இன்ஜின், அதே கேபின் உள்ள வண்டியில், உள்ளேயிருந்து, சீரான வேகத்தில் எடுத்த பதிவுகளை மட்டும் கேளுங்கள். போன் மைக் தாழ்ந்த ஒலியை முழுமையாகப் பிடிக்காது என்பதால் அதையும் பாதியாகத்தான் நம்பலாம். அதே எக்ஸாஸ்ட் போட்ட வண்டி யாரிடமாவது இருந்தால், பின்சீட்டில் உட்கார்ந்து அரைமணி நேரம் போய் வாருங்கள். அதற்கு ஈடு எதுவும் இல்லை.

வாங்கும் செட்டில் ரெசனேட்டர் இருந்தால் அதை எடுக்காதீர்கள். சில செட்களில் பைப்பின் பக்கவாட்டில் முனை அடைத்த ஒரு கிளைக் குழாய் இருக்கும். உடைந்த மிச்சம் போலத் தெரிந்தாலும் அதற்கு வேலை உண்டு. ஒலி அதற்குள் போய் முனையில் மோதி, எதிர் அலையாகத் திரும்பிவந்து அந்த ஒரு சுருதியை அழித்துவிடும். சூடான புகையில் ஒலி வேகமாக ஓடுவதால் 120 ஹெர்ட்ஸை அடக்க சுமார் ஒரு மீட்டர் நீளம் வேண்டும்.

படி 6: உலோகம்

அலுமினியம் பூசிய இரும்பு விலை குறைவு. பூச்சு உரிந்த இடத்திலும் வெல்டிங் ஓரத்திலும்தான் துரு தொடங்கும். உப்புக்காற்றும் பனிக்கால உப்பும் இல்லாத இடத்தில் அது பல வருடம் உழைக்கும். அடுத்தது 409 ஸ்டெயின்லெஸ்: சுமார் 11 சதவீதம் குரோமியம், மேலே பழுப்பாகும், ஆனால் சட்டென்று ஓட்டை விழாது. உயர்ந்தது 304: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் 18/8 என்று பொறித்திருப்பதும் இதேதான்.

"ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் சொன்னால் எது என்று கேளுங்கள். கையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளலாம். 409இல் கப்பென்று ஒட்டும். 304இன் நேரான பகுதியில் வழுக்கி விழும். வளைத்த இடத்தில் மட்டும் லேசாக இழுக்கலாம், அது இயல்பு.

அப்படியே வளைவுகளையும் தடவிப் பாருங்கள். உள்ளே தண்டு வைத்து வளைத்த பைப் வளைவிலும் உருண்டையாகவே இருக்கும். அதை மாண்ட்ரல் வளைவு என்பார்கள். வெறுமனே அழுத்தி வளைத்ததில் உட்பக்கம் சுருக்கம் விழுந்து வழி குறுகியிருக்கும். மூன்று இன்ச்சுக்குக் காசு கொடுத்துவிட்டு வளைவில் இரண்டரைக்கும் குறைவாக வாங்க வேண்டாம்.

படி 7: புகை எங்கே வெளியே வரும்?

பின் டயருக்குப் பின்னால் பக்கவாட்டிலோ, நேராகப் பின்னாலோ வருவது பாதுகாப்பு. வண்டிக்கு அடியிலேயே முடியும் பைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தொட்டிக்கு மேல் மூடி போட்டிருந்தாலோ, பின் கண்ணாடியைத் திறந்து ஓட்டும் பழக்கம் இருந்தாலோ, அடியில் தேங்கும் புகை உள்ளே வந்துவிடும். டிரெய்லர் இழுப்பவர்கள் குழாயின் முனை அதன் முகப்பையோ வயரிங்கையோ பார்த்து இருக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கரடுமுரடான பாதைக்குப் போகும் வண்டியென்றால் முனை பம்பருக்குக் கீழே தொங்கக் கூடாது. மேட்டிலிருந்து இறங்கும்போது முதலில் தரையில் இடிப்பது அதுதான்.

படி 8: பொருத்துதல்

பழைய போல்ட்களில் முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் தெளித்துவிடுங்கள். வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்டில் நிறுத்தாமல் அடியில் போகாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. பைப்பைத் தாங்கும் ஹேங்கர் ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவினால் கம்பி வழுக்கிக்கொண்டு வரும்.

புதுப் பைப்பை முன்னாலிருந்து பின்னாக மாட்டிக்கொண்டே போங்கள், ஆனால் இணைப்புகளைப் பிடிக்கும் எந்தக் கிளாம்பையும் இறுக்காதீர்கள். எல்லாம் தொங்கிய பிறகு முனையை நேராக்கி, ஸ்டெப்னி, டேங்க், பிரேக் லைன், ஸ்பிரிங் எல்லாவற்றிலிருந்தும் விரல் தாராளமாகப் போய்வரும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சில் மேலும் கீழும் ஆடும், சூட்டில் பைப் நீளும். அதற்கும் இடம் வேண்டும். திருப்தியான பிறகு முன்னாலிருந்து இறுக்கிக்கொண்டு வாருங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்டெயின்லெஸ் பைப்பைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். எண்ணெய்க் கைரேகை சூட்டில் வெந்து கறையாகவே நின்றுவிடும். முதல் பத்து நிமிடம் லேசாகப் புகையும் வாசனையும் வரும், தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய் எரிவதுதான், பயப்பட வேண்டாம். வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். இணைப்புகளின் பக்கத்தில், சூடு ஏறுவதற்குள், காது கொடுத்துக் கேளுங்கள். "டிக் டிக்" என்று வந்தால் அங்கே கசிகிறது.

சுமார் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, வண்டி ஆறியதும் மறுபடி அடியில் போய் ஒவ்வொரு கிளாம்பையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். சூடாகி ஆறியதில் ஒன்றிரண்டாவது அரைச்சுற்று இறங்கியிருக்கும்.