கம்ப்யூட்டர் தவழ்கிறதா? ஹார்ட் டிஸ்க்கை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளும் முறை

நம் குமரி மாவட்டத்தில் இன்னும் எத்தனையோ ஸ்டுடியோக்களிலும் டிடிபி கடைகளிலும் ஹார்ட் டிஸ்க்தான் ஓடுகிறது. ஆன் செய்துவிட்டுப் போய் டீ குடித்து வந்தாலும் டெஸ்க்டாப் வந்திருக்காது. தக்கலை பக்கம் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் இப்படி ஒரு கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொன்னார்கள். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணே, டிஸ்க் போச்சா, இல்ல சும்மா ஸ்லோவா?" இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அங்கே செய்ததைத்தான் வரிசையாக எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செய்யலாம். சாஃப்ட்வேர் இறக்கி இன்ஸ்டால் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், பின்னால் வரும் எண்கள் புரிய இது வேண்டும். டிஸ்க்குக்குள்ளே அலுமினியம் அல்லது கண்ணாடித் தட்டுகள் சுழல்கின்றன. தட்டின் மேல் மெல்லிய காந்தப் பூச்சு. ஒவ்வொரு பரப்புக்கும் படிக்கவும் எழுதவும் ஒரு ஹெட், எல்லா ஹெட்டும் ஒரே கையில் சேர்ந்துதான் நகரும். எழுதும்போது ஹெட் அந்தப் பூச்சில் சின்னஞ்சிறு இடங்களின் காந்தத் திசையை மாற்றுகிறது. படிக்கும்போது திசை எங்கெங்கே மாறுகிறது என்பதைப் பிடிக்கிறது. வட்ட வட்டமான தடங்கள், ஒவ்வொரு தடமும் செக்டர் செக்டராகப் பிரிந்திருக்கும். பழைய டிஸ்க்கில் ஒரு செக்டர் 512 பைட், இப்போது வருபவற்றில் பெரும்பாலும் 4096 பைட்.

ஒரு ஃபைலைக் கேட்டால் முதலில் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அப்புறம் கேட்ட செக்டர் சுழன்று ஹெட்டுக்கு அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட், சராசரிக் காத்திருப்பு அதில் பாதி. லேப்டாப்பில் வரும் 5400 சுற்று டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே 11 மில்லி செகண்ட் ஆகிவிடும். கை நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடக்கும் டேட்டாவை ஒரு செகண்டில் 70, 80 இடங்களில்தான் போய்ப் படிக்க முடியும். ஒவ்வோர் இடத்திலும் 4 கேபி என்று வைத்தால் செகண்டுக்கு 300 கேபி சொச்சம். அதே டிஸ்க், டேட்டா அடுத்தடுத்து இருந்தால் செகண்டுக்கு 100 எம்பிக்கு மேல் அள்ளிக் கொடுக்கும். நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம், காரணம் கை நகர்வதும் காத்திருப்பதும் மட்டுமே.

கல்யாண அழைப்பு வைக்கப் போவதை நினைத்துப் பாருங்கள். ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று சாலை வரிசையில் போனால் ஒரே நாளில் முடியும். ஆரல்வாய்மொழியில் ஒரு வீடு, அடுத்து களியக்காவிளை, திரும்ப நாகர்கோவில் என்று போனால் வண்டியிலேயே பொழுது போய்விடும். அதனால்தான் டிஸ்க் தனக்கு வரும் கட்டளைகளை வந்த வரிசையில் செய்யாமல், 32 வரை சேர்த்து வைத்து, கை குறைவாக நகரும்படி மாற்றி அடுக்கிக்கொள்கிறது. சாட்டா டிஸ்க்குகளில் (சாட்டா என்பது டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் போர்டோடு இணைக்கும் முறை) இது உள்ளேயே இருக்கும் வசதி.

படி 1: டாஸ்க் மேனேஜர்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். 'ஆக்டிவ் டைம்' 100 சதவீதம், ஆனால் படிக்கும் வேகம் 1 எம்பிகூட இல்லை என்றால், கை ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பக்கத்திலேயே 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' இருக்கும். பத்து, இருபது மில்லி செகண்ட் என்றால் ஹார்ட் டிஸ்க்குக்கு இயல்பு. அது நூற்றுக்கணக்கில் போனால் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நிறைய புரோகிராம்கள் ஒரே நேரத்தில் டிஸ்க்கைக் கேட்டு வரிசையில் நிற்கின்றன. மற்றது, ஒரு செக்டர் படிக்க வராமல், டிஸ்க் திரும்பத் திரும்பச் சுற்றி முயன்றுகொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் இரண்டாவதைச் சந்தேகப்படுங்கள்.

டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் மேற்கொண்டு எதையும் செய்யாமல் உடனே ஆஃப் செய்யுங்கள். அது டேட்டா மீட்பவர்களிடம் போக வேண்டிய டிஸ்க்.

படி 2: கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ

'ஹெல்த் 83 சதவீதம்' என்று ஒற்றை எண் காட்டும் சாஃப்ட்வேர்களை நான் நம்புவதில்லை. எதை வைத்து அந்த 83 வந்தது என்று அவை சொல்வதில்லை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இலவசம். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பு முழுவதையும் அப்படியே காட்டும்.

இங்கேதான் நானும் வெகுநேரம் விழித்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கட்டத்தில் வரும் 'ரா வேல்யூஸ்' எண்களைப் பார்த்தால் தலை சுற்றும். அவை பதினாறடிமானத்தில், அதாவது பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாக வைத்து எண்ணும் முறையில் இருக்கின்றன. 10 என்று இருந்தால் அது பதினாறு. டிஸ்க் ஓடிய மணி நேரம் 61ஏ8 என்று காட்டினால் அது 25,000. 'ஃபங்ஷன்' மெனுவில் 'அட்வான்ஸ்டு ஃபீச்சர்', அதற்குள் 'ரா வேல்யூஸ்', அதில் '10 டெக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் நாம் படிக்கும் எண்ணாக மாறிவிடும். இதைச் செய்யாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இன்னொரு பயமுறுத்தல்: சீகேட் டிஸ்க்குகளில் 01, 07 என்ற இரண்டு வரிகளில் கோடிக்கணக்கில் எண் நிற்கும். பெயரில் 'எரர்' என்று இருப்பதால் பதறத் தோன்றும். அந்த எண்ணுக்குள் டிஸ்க் இதுவரை செய்த வேலைகளின் எண்ணிக்கையும் கலந்திருக்கிறது. அதை விட்டுவிடலாம்.

பார்க்க வேண்டியது நான்கே வரி. சி5 என்பது படிக்க வராமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். அந்த இடத்தில் மறுபடி எழுதும்போது டிஸ்க் சோதித்துப் பார்க்கும். எழுத முடிந்தால் சி5 குறையும். முடியாவிட்டால் அந்த செக்டரை ஒதுக்கிவிட்டு, இதற்கென்று கூடுதலாக வைத்திருக்கும் இடத்திலிருந்து ஒன்றைக் கொடுக்கும். அப்போது 05 கூடும். சி6 என்பது டிஸ்க் தானே சோதிக்கும்போது சரிசெய்ய முடியாமல் போனவை. சி7 கேபிளில் வரும்போது கெட்டுப்போன டேட்டா. அதற்கும் தட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

05 சிறிய எண்ணாக இருந்து மாதக்கணக்கில் அப்படியே நின்றால் அந்த டிஸ்க்கை வேலைக்கு வைக்கலாம், தனியாக பேக்கப் இருக்க வேண்டும். சி5 சுழியம் இல்லாமல், நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது.

படி 3: எண்ணைப் பார்த்து முடிவு

நான்கும் சுழியம் என்றால் பெரும்பாலும் டிஸ்க் நன்றாக இருக்கிறது, டேட்டா சிதறிக் கிடப்பதுதான் பிரச்சினையாக இருக்கும். சிதறியதை ஒன்றுசேர்க்க, ஸ்டார்ட்டில் 'டீஃப்ராக்' என்று தட்டித் திறந்து, 'மீடியா டைப்' ஹார்ட் டிஸ்க் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ஆப்டிமைஸ் கொடுங்கள். ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை: விண்டோஸையும் ஃபோட்டோஷாப்பையும் சிறிய எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் டேட்டா வைக்கும் டிஸ்க்) மாற்றுங்கள். படங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். பெரிய ஃபைல்களை வரிசையாகப் படிப்பதில் ஹார்ட் டிஸ்க் இன்றும் சளைத்ததில்லை, விலையும் குறைவு.

சி5 சுழியத்துக்கு மேல் இருந்தால் டீஃப்ராக் கூடாது. டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கும் கூடாது. இரண்டுமே டிஸ்க் முழுக்க ஹெட்டை ஓடவிடும், எழுதவும் செய்யும். முதலில் காப்பி. வேறொரு டிஸ்க்கைச் செருகி, ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டர் மட்டும், முக்கியமானதை முதலில் எடுங்கள். இரண்டு காப்பி விண்டோவைத் திறந்தால் கை இரண்டு இடங்களுக்கும் மாறி மாறி ஓடும். நேரமும் போகும், டிஸ்க்கும் தேயும். விண்டோஸின் சாதாரணக் காப்பி கெட்ட செக்டர் வந்ததும் அங்கேயே நின்றுவிடும். லினக்ஸ் தெரிந்த நண்பர் இருந்தால் டிடி ரெஸ்க்யூவைக் கேளுங்கள். அது நல்ல இடங்களை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று குறித்தும் வைத்துக்கொள்வதால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தக்கலை டிஸ்க்கில் சி5 சுழியத்துக்கு மேல் இருந்தது. இந்த முறையில்தான் கல்யாணப் படங்களை எடுத்தோம்.

டிஸ்க்கைத் திறந்து பார்க்க மட்டும் ஆசைப்படாதீர்கள். ஓடும்போது ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் கண்ணுக்குத் தெரியாத தூசுகூட அதைவிடப் பல மடங்கு பெரிது.

வாசகர்கள் கேட்டதால் சேர்த்தவை

குளச்சலில் இருந்து ஒருவர்: சி5 சுழியம், சி7 மட்டும் கூடுகிறது. கடலோரத்தில் இது அடிக்கடி வரும். உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பூத்துவிடுகிறது. சாட்டா கேபிளை மாற்றுங்கள், முடிந்தால் போர்டில் வேறு போர்ட்டில் செருகுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சி7 ஒருபோதும் குறையாது. மாற்றிய அன்று இருந்த எண்ணைக் குறித்து வைத்து, அதன்பின் கூடுகிறதா என்று பாருங்கள்.

யுஎஸ்பி பெட்டியில் போட்ட டிஸ்க்குக்கு எதுவும் காட்டவில்லை என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். சில பெட்டிகளில் உள்ள சிப் இந்தக் குறிப்பைக் கம்ப்யூட்டருக்குக் கடத்தாது. டிஸ்க்கை வெளியே எடுத்து நேராக சாட்டாவில் செருகுங்கள். சில எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் யுஎஸ்பி போர்ட் டிஸ்க்கின் போர்டிலேயே இருக்கும். அவற்றில் இந்த வழி கிடையாது.

புது டிஸ்க்கில் பெரிய ஃபோல்டரைப் போடும்போது வேகமாகத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் படுத்துவிடுகிறது என்றவருக்கு: அது எஸ்எம்ஆர் வகையாக இருக்கலாம். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருப்பதால், ஒன்றை மாற்றினால் பக்கத்தில் இருப்பவற்றையும் திரும்ப எழுத வேண்டும். எழுதி வைத்துவிட்டு எப்போதாவது படிக்கும் பேக்கப்புக்கு அது போதும். தினமும் எடிட் செய்யும் டிஸ்க் என்றால், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியில் பெரும்பாலும் போட்டிருக்காது. மாடல் எண்ணை வைத்துக் கம்பெனியின் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.