டோலக்குக்கு எத்தனை மைக்? ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

டோலக்குக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் 'தும்' என்று அடிவயிற்றில் இறங்கும், மறுபக்கம் 'தக்' என்று காதில் தெறிக்கும். இரண்டையும் ஒழுங்காகப் பிடிக்க இரண்டு மைக் வேண்டும். பாடுகிறவருக்கு ஒன்று. சட்டி தட்டுகிறவரும் வந்து உட்கார்ந்துவிட்டால் மொத்தம் நான்கு. வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ வீட்டு அறையில் கானா பதிவு செய்ய நினைக்கிறவர் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். ஆனால் எங்கள் பக்கம் கணக்கு தலைகீழாக நடக்கிறது. நாலு வீடியோ பார்த்து, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியில் அழகான ஒன்றை வாங்கி வந்த பிறகு, "அண்ணே, இதுல டோலக்க எங்க சொருவறது?" என்று கேட்கிறார்கள்.

சிரிப்பதற்கு எனக்கு உரிமை இல்லை. நான் முதலில் வாங்கியதும் ஒரே ஒரு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் பகுதி, ஒரு மைக்குக்கு ஒன்று) உள்ள பெட்டிதான். தனித்தனியாக எடுத்து அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ராப், சினிமா பாட்டு கவர் என்றால் அது சரி, உலகமே அப்படித்தான் செய்கிறது. கானாவில் அது செல்லுபடியாகவில்லை. பாடுகிறவர் ஒரு சொல்லை இழுக்கும்போது டோலக்காரர் அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார், அடுத்த அடியில் சேர்ந்து விழுவார்கள். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமைக் காதில் மாட்டிவிட்டு இருவரையும் வேறு வேறு நாளில் பதிவு செய்ததில் தாளம் கச்சிதமாக இருந்தது, பாட்டு செத்திருந்தது. ஆகவே ஒரே நேரத்தில் அறையில் எத்தனை சத்தம் எழும் என்பதை எண்ணிய பிறகே கடைப் பக்கம் போங்கள்.

எண்ணிவிட்டீர்களா? இப்போது பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பொய்யாக எதுவும் எழுதியிருக்க மாட்டார்கள், நாம் படிக்கும் விதத்தில்தான் ஏமாறுகிறோம். ஃபோகஸ்ரைட் கம்பெனியின் ஸ்கார்லெட் 4ஐ4 பெட்டியில் நான்கு உள்ளீடு உண்டு, ஆனால் மைக் ப்ரீஆம்ப் இரண்டுதான். மற்ற இரண்டும் லைன் உள்ளீடு. கீபோர்டு சொருகலாம், மைக்கை நேரடியாகச் சொருக முடியாது. அதே வரிசையில் வந்த 18ஐ8-ல் மைக் ப்ரீஆம்ப் நான்கு. மீதி எல்லாம் லைன் உள்ளீடும் டிஜிட்டல் உள்ளீடும். 18 பேரைக் கூட்டி வந்து உட்கார வைத்தால் நீங்கள்தான் மாட்டுவீர்கள். "மைக் ப்ரீஆம்ப் எத்தனை?" இந்த ஒரு கேள்வியைக் கடையில் கேட்டால் போதும்.

இதன் தம்பி ஒரு தவறு உண்டு. மைக் செட் போடும் நண்பரிடம் யூஎஸ்பி உள்ள எட்டு சேனல் மிக்ஸர் இருக்கும். "இது இருக்க, எதுக்கு இன்டர்ஃபேஸ்?" என்பார். பல யூஎஸ்பி மிக்ஸர்கள் எட்டு மைக்கையும் கலந்து, இடது வலது என்று இரண்டே தடமாகத்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கச்சேரி முடிந்து வீட்டில் வந்து டோலக்கை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம் என்றால் முடியாது. சாம்பாரில் கரைந்த உப்பு மாதிரி. ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாக அனுப்பும் மிக்ஸர்களும் உண்டு, விலை ஏறும். எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நண்பரிடம் மிக்ஸரை இரவல் வாங்குங்கள்.

சத்தத்தை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிவு செய்கிறது என்பதுதான் சாம்பிள் ரேட். அதில் 192 கிலோஹெர்ட்ஸ் மோகத்தைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. மனிதக் காது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதைப் பிடிக்க 44.1 அல்லது 48 போதும். 24 பிட்டில் 48-ல் எடுத்தால் ஒரு தடம் நிமிடத்துக்கு 9 எம்பிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 192-ல் அதுவே நாலு மடங்கு. பழைய லேப்டாப் பாவம்.

பாடிய குரல் ஹெட்போனில் கேட்க ஆகும் தாமதம் வேறு விஷயம், அதை அலட்சியம் செய்யக் கூடாது. பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து எடுத்துக்கொள்ளும் சத்தத்தின் அளவு) 1024 சாம்பிள், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் 23 மில்லி விநாடி. குரல் கம்ப்யூட்டருக்குள் போக ஒரு முறை, ஹெட்போனுக்குத் திரும்பி வர ஒரு முறை என்று குறைந்தது 46. அந்த நேரத்தில் காற்றில் சத்தம் ஏறக்குறைய 16 மீட்டர் போய்விடும். அதாவது நீங்கள் இங்கே பாட, உங்கள் குரல் தெருமுனையிலிருந்து வருவது போல இருக்கும். எந்தப் பாடகரும் தடுமாறுவார். பஃபரை 128-க்குக் குறைத்தால் ஒரு வழிக்கு 3 மில்லி விநாடிதான், ஆனால் டிரைவர் (பெட்டியையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கும் மென்பொருள்) சரியில்லை என்றால் சத்தம் படபடவென்று வெடிக்கும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் பெட்டியைச் செய்த கம்பெனியே எழுதிய, தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ வகை டிரைவர் கிடைக்கிறதா, உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு ஒத்துவருமா என்று வாங்குமுன் பாருங்கள். மேக்கில் இந்தத் தலைவலி குறைவு. குரல் மட்டும் பதிவு செய்பவர்களுக்குப் பெட்டியிலேயே இருக்கும் டைரக்ட் மானிட்டர் பொத்தான் போதும். அதை அழுத்தினால் குரல் கம்ப்யூட்டரைச் சுற்றாமல் நேராகக் காதுக்கு வரும். பல பேர் அந்தப் பொத்தானைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

அடுத்தது, அறையின் குறையைப் பெட்டியால் தீர்க்கப் பார்ப்பது. வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனுக்குப் பக்கத்து வீட்டில் ஒருமுறை பதிவு செய்தோம். மேலே ஷீட் கூரை, பக்கத்து வீட்டு மிக்ஸி, சில நிமிடத்துக்கு ஒரு மின்சார ரயில். சின்னச் சத்தத்தையும் விடாத கண்டென்சர் மைக் அத்தனையையும் அன்போடு சேர்த்துக்கொண்டது. ப்ரீஆம்ப் சரியில்லை என்று விலை கூடிய பெட்டிக்கு மாறினால், அதே ரயில் இன்னும் துல்லியமாகக் கேட்கும். இப்படிப்பட்ட அறையில் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை வாய்க்கு நெருக்கமாக வைத்துப் பாடுவதே மேல். கண்டென்சருக்குப் பெட்டி கேபிள் வழியாகத் தரும் 48 வோல்ட் ஃபேண்டம் பவரும் அதற்குத் தேவையில்லை. ஆனால் டைனமிக் மைக் எல்லாம் ஒரே ரகம் இல்லை. ஷூரின் இன்னொரு டைனமிக் மைக்கான எஸ்எம்7பி-க்கு 60 டெசிபல் கெயினாவது (ப்ரீஆம்ப் சத்தத்தைக் கூட்டும் அளவு) வேண்டும். மெல்லிய குரலுக்கு அதை வாங்குகிறவர்கள் பெட்டியின் அதிகபட்ச கெயினைப் பார்த்தே ஆக வேண்டும். நாலு வீடு தாண்டிக் கேட்கப் பாடும் நம் ஆட்களுக்கு அவ்வளவு தேவைப்படாது.

இரைச்சலில் இன்னொரு வகை, 'ம்ம்ம்' என்று விடாமல் வரும் 50 ஹெர்ட்ஸ். உடனே பெட்டியைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி பெட்டி இல்லை, கரண்டு வழியாக வருகிறது. பழைய வீடுகளில் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதன் பின்னால் எர்த் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்யுங்கள். லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு, ஸ்பீக்கருக்கு இரைச்சலைத் தடுக்கும் பேலன்ஸ்டு கேபிள் போட்டாலும் பெரும்பாலும் அடங்கும். சத்தம் நிற்கிறது என்பதற்காக எர்த் பின்னை உடைத்துவிடாதீர்கள், ஷாக் அடித்தால் பாட்டு போட ஆள் இருக்காது.

பெட்டிக்குக் கரண்டு எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசியுங்கள். சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்ப்தான். மலிவான ஹப்பில் மவுஸ், பென் டிரைவ், இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும் தொங்கவிட்டு இரண்டு கண்டென்சர் மைக்கையும் போட்டால் நடுப்பாட்டில் தொடர்பு அறுந்துபோகும். நேராக லேப்டாப்பில் சொருகுங்கள்.

பழைய பெட்டி வாங்குவதில் தப்பில்லை, என்னிடம் இப்போது இருப்பதும் அப்படி வந்ததுதான். ஃபயர்வயர் என்ற பழைய வகை போர்ட் மட்டும் உள்ள பெட்டி எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் வேண்டாம், இப்போதைய லேப்டாப்பில் அதைச் சொருக இடமே இல்லை. பார்க்கப் போகும்போது ஒரு கண்டென்சர் மைக், கேபிள், ஹெட்போன் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு மைக் உள்ளீட்டிலும் 48 வோல்ட் போட்டுப் பேசிப் பாருங்கள். கெயின் குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறதா, ஹெட்போன் இரண்டு காதிலும் வருகிறதா, யூஎஸ்பி வயரை லேசாக ஆட்டினால் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். விளக்கு அணைந்தால், "அது ஒண்ணுமில்லண்ணா, கேபிள் லூசு" என்பார் விற்கிறவர். உங்கள் கேபிளைப் போட்டு ஆட்டிப் பாருங்கள்.