சுகர் இருக்கவங்க கண்ணுக்கு வைட்டமின் மாத்திரை வாங்குறதுக்கு முன்னாடி

எங்கப்பாவுக்கு பார்வை மங்குதுன்னு சொன்னப்ப மெடிக்கல்ல கண்ணுக்கு நல்லதுன்னு ஒரு வைட்டமின் மாத்திரை குடுத்தாங்க, அவரும் எட்டு மாசம் விடாம போட்டாரு, கடைசில கண் டாக்டர்கிட்ட போனா விழித்திரையில நீர் கோத்திருக்குன்னாங்க. அந்த எட்டு மாசம் போனது இன்னும் மனசுல இருக்கு, அதான் எழுதுறேன்.

முதல்ல கண்ண காட்டுங்க, வைட்டமின் அப்புறம். கண்ணாடிக் கடையில எழுத்து படிச்சுக் காட்டுறது பத்தாது, சொட்டு மருந்து விட்டு கண் பாப்பாவ விரிச்சு விழித்திரைய பாக்கணும். டைப் 2-ன்னா சுகர் கண்டுபிடிச்ச உடனேயே, டைப் 1-ன்னா 5 வருஷத்துக்குள்ள, அப்புறம் பொதுவா வருஷம் ஒரு தடவை. சுகரால விழித்திரைக்கு வர்ற பாதிப்பு ஆரம்பத்துல வலியும் இருக்காது மங்கலும் இருக்காது, நல்லா தெரியுதேன்னு விட்டுடாதீங்க. சொட்டு விட்டா சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒரு ஆள கூட்டிட்டுப் போங்க.

இப்ப வைட்டமின். சுகருக்கான மெட்ஃபார்மின் மாத்திரைய பல வருஷமா போடுறவங்க பி12 ரத்த டெஸ்ட் கேட்டு எடுங்க, ஏன்னா அந்த மாத்திரை குடல்ல பி12 சேர்றத கொறைக்கும், அதுலயும் சைவம் மட்டும் சாப்பிடுறவங்களுக்கு சீக்கிரமே கொறையும். ரிப்போர்ட்ல 200 பைகோகிராமுக்கு கீழ இருந்தா குறைபாடு, 200-லேருந்து 300 வரைக்கும் சந்தேகக் கணக்கு. கால் மரத்துப் போறத எல்லாரும் சுகர்னாலதான்னு நெனச்சுக்குவோம், அது பி12 கொறைஞ்சதாவும் இருக்கலாம், ரொம்ப கொறைஞ்சா கண் நரம்பையே பாதிக்கும். இன்னொன்னு, பி12-ஓ இரும்புச்சத்தோ கொறைஞ்சு ரத்தசோகை இருந்தா எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர காட்டுற டெஸ்ட்) நெஜத்த விட கூடுதலா காட்டலாம், அதனால ஹீமோகுளோபினையும் சேத்துப் பாருங்க. பி12 ஊசி போடுறதுக்கு முன்னாடியே பி12 டெஸ்ட் எடுத்துடுங்க, போட்டப்புறம் எடுத்தா அளவு ஏறித்தான் தெரியும். பி12 கொறையும்னு பயந்து மெட்ஃபார்மின நீங்களா நிறுத்திடாதீங்க ப்ளீஸ்.

வைட்டமின் டி 20 நானோகிராமுக்கு கீழ இருந்தா டாக்டர் 60,000 யூனிட் குடுப்பாங்க, அது பெரும்பாலும் வாரத்துக்கு ஒண்ணு, அத தினமும் போட்டு கால்சியம் ஏறி கிட்னி கெட்டவங்க இருக்காங்க. டி கொறைவா இருக்கவங்களுக்கு விழித்திரை பாதிப்பும் அதிகமா இருக்குன்னு ஆய்வுகள் சொல்லுது, ஆனா டி ஏத்துனா கண் சரியாகும்னு நிரூபணம் ஆகல.

அந்த கண் வைட்டமின் மாத்திரை? அமெரிக்காவுல 2013-ல வெளிவந்த ஏரெட்ஸ் 2-ங்கிற கண் வைட்டமின் ஆய்வுல வந்த மாதிரி ஃபார்முலா எல்லாம் வயசானா வர்ற மாக்குலா (விழித்திரையோட நடுப்பகுதி) தேய்மானத்துக்கு, சுகரால வர்ற பாதிப்புக்கு இல்ல. பீட்டா கரோட்டின் இருக்கான்னு லேபிள்ல பாருங்க, சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு அது நுரையீரல் புற்றுநோய் ஆபத்த கூட்டும். வைட்டமின் ஏ-வுக்கு முருங்கக்கீரையில கொஞ்சம் எண்ணெய் விட்டு பொரியல் பண்ணி சாப்பிட்டாலே போதும், கேரட் ஜூஸா குடிக்காம கேரட்டாவே சாப்பிடுங்க.

சுகர் ஏறி எறங்குறப்ப கண் பவரும் மாறும், சுகர் நெலையான பிறகு கண்ணாடி மாத்துங்க. திடீர்னு கண்ணுக்குள்ள கருப்பு கருப்பா மெதந்தா, இல்ல ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருந்தா, நாளைக்குன்னு தள்ளாம அன்னைக்கே கண் ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க.