முதல் கம்பி ஆன்டெனா: அரை அலை டைபோலை நீங்களே அமைக்கலாம்

ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் கைக்கு வந்ததும் பலர் டிரான்ஸீவருக்கே, அதாவது அலையை அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவிக்கே, பணம் முழுவதையும் செலவிட்டுவிட்டு, ஆன்டெனாவைக் கடைசியில் யோசிக்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். எளிய டிரான்ஸீவரும் நல்ல ஆன்டெனாவும் சேர்ந்தால் கண்டம் தாண்டிப் பேசலாம். அந்த நல்ல ஆன்டெனாவுக்கு வேண்டியது செப்புக் கம்பி, கோஆக்சியல் கேபிள் (நடுவே ஓர் உள்கம்பியும் அதைச் சுற்றி உலோகப் பின்னலும் உள்ளது), உயரமான ஒரு பிடிமானம், பொறுமை. அவ்வளவுதான்.

முதலில் இடத்தை அளந்துகொள்ளுங்கள். எந்த ஆன்டெனா என்பதை உங்கள் மொட்டை மாடியோ தோட்டமோதான் தீர்மானிக்கும். டைபோல் என்பது நடுவில் கேபிளை இணைத்து, இரு பக்கமும் சம நீளக் கைகளாக இழுக்கும் கம்பி; மொத்த நீளம் ஏறக்குறைய அரை அலைநீளம். 40 மீட்டர் பேண்டுக்கான (அலைநீளம் ஏறத்தாழ 40 மீட்டர் உள்ள அதிர்வெண்கள்) டைபோலுக்கு ஏறக்குறைய 20 மீட்டர் நீளம் வேண்டும். 20 மீட்டர் பேண்டுக்கு அதில் பாதி போதும். இரண்டு மரங்கள் அமையவில்லையா? நடுவில் ஒரே கம்பம் நட்டு, இரு கைகளையும் சரிவாக இறக்கிக் கட்டுங்கள். இதைத் தலைகீழ் 'வி' என்பார்கள். கைகளுக்கு இடையிலான கோணம் 90 பாகைக்குக் குறையக் கூடாது.

ஒரு முனையிலிருந்து மட்டும் கம்பியை இழுக்க முடியும் என்றால், முனையில் ஊட்டும் அரை அலை ஆன்டெனா இருக்கிறது. முனையைக் கேபிளோடு பொருத்தும் 49:1 மின்மாற்றியோடு 20 மீட்டர் கம்பி கட்டினால் 40, 20, 15, 10 மீட்டர் பேண்டுகளில் பேசலாம். ஏதோ ஒரு நீளத்தில் கம்பி இழுத்து, 9:1 மின்மாற்றியும் டியூனரும் (ஆன்டெனாவை டிரான்ஸீவருக்குப் பொருத்திக்கொடுக்கும் கருவி) வைத்துச் சமாளிக்கும் முறையும் உண்டு. ஆனாலும் முதல் ஆன்டெனாவாக டைபோலையே பரிந்துரைப்பேன். அதில் உறுப்புகள் குறைவு; கோளாறு வந்தால் எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம்.

கம்பியை வெட்டுதல்

143-ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.14 மீட்டர், ஒரு கைக்கு 10.07. வெற்றுவெளியில் அரை அலை என்றால் 150-ஐ வகுக்க வேண்டும். உண்மைக் கம்பியில் முனைகளின் விளைவால் நீளம் ஏறத்தாழ 5 சதவீதம் குறைகிறது. பிளாஸ்டிக் உறையுள்ள கம்பி என்றால் இன்னும் சற்றுக் குறையும். எப்படியானாலும் கணக்கைவிட நீளமாகவே வெட்டுங்கள்; இந்த உதாரணத்துக்கு ஒரு கை 10.4 மீட்டர் இருக்கட்டும். நீளத்தைக் குறைப்பது எளிது, கூட்டுவது தொல்லை.

நடு இணைப்பு

கேபிளின் உள்கம்பி ஒரு கைக்கு, பின்னல் மற்றொரு கைக்கு. இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். ஆன்டெனாவின் இழுவை அந்தப் பற்றவைப்பில் விழவே கூடாது. பிளாஸ்டிக் தகட்டில் துளையிட்டுக் கம்பிகளை அதில் கட்டுங்கள். கேபிளையும் தகட்டோடு தனியே இறுக்கிவிடுங்கள்.

கேபிளின் திறந்த முனைதான் மழைக்கு வாசல். பின்னலின் இழைகள் வழியே தண்ணீர் மெல்ல ஊறி மீட்டர் கணக்கில் உள்ளே போய்விடும்; செப்பு கறுத்து இழப்பு கூடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுங்கள். சுற்றைக் கீழிருந்து மேலாகக் கொண்டுபோனால் டேப்பின் மடிப்புகள் கீழ்நோக்கி அமைந்து நீர் வழிந்துவிடும்.

நடு இணைப்புக்குச் சற்றுக் கீழே கேபிளை ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிவிடுங்கள். 43 ரகப் பொருளாலான 240 அளவு வளையமும் ஆர்ஜி-58 கேபிளும் இதற்கு நன்றாகப் பொருந்தும். இது இல்லாவிட்டால் பின்னலின் வெளிப்புறம் மூன்றாவது கையாக மாறிவிடும்: வீட்டுக்குள் உள்ள இரைச்சலை வாங்கும், அனுப்பும்போது மைக் வரை அலையைக் கொண்டுவரும்.

ஏற்றுதல்

மின்கம்பி இருக்கும் பக்கமே போகாதீர்கள். ஆன்டெனாவோ கம்பமோ ஏணியோ எந்தத் திசையில் சரிந்தாலும் மின்கம்பியைத் தொட முடியாத தூரம் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. அனுப்பும்போது கைகளின் முனைகளில் மின்னழுத்தம் மிக அதிகம். ஆள் கைக்கு எட்டாத உயரத்தில், காப்பான் வைத்து நைலான் கயிற்றால் கட்டுங்கள். கயிற்றை முறுக்கேறக் கட்டாமல் சற்றுத் தளர விடுங்கள். மரம் காற்றில் ஆடும்.

உயரம் கூடக் கூட அலை தாழ்ந்த கோணத்தில் கிளம்பித் தொலைதூரம் போகும். 20 மீட்டர் பேண்டில் 10 மீட்டர் உயரம் அரை அலைநீளம், நல்ல உயரம். 40 மீட்டர் பேண்டில் அதே 10 மீட்டர் கால் அலைநீளம்தான், அலை பெரும்பாலும் மேல்நோக்கியே போய்த் திரும்பும். சில நூறு கிலோமீட்டருக்குள் பேச அதுவே வசதி.

சரிசெய்தல்

ஆன்டெனாவை அதன் இறுதி உயரத்துக்கு ஏற்றிய பிறகே அளக்க வேண்டும். தரையின் அருகாமை அளவை மாற்றிவிடும். ஆன்டெனா அனலைசர் என்ற அளவுக் கருவியில் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) எந்த அதிர்வெண்ணில் மிகத் தாழ்கிறது என்று பாருங்கள். 20.8 மீட்டர் கம்பியில் அது 6.90 மெகாஹெர்ட்ஸில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20.8-ஐ 6.90-ஆல் பெருக்கி 7.10-ஆல் வகுத்தால் 20.21. அதாவது 59 சென்டிமீட்டர் அதிகம். ஒவ்வொரு கையிலும் 29 சென்டிமீட்டர் போல எடுக்க வேண்டும். உடனே வெட்டாதீர்கள். முனையை மடித்து அதே கம்பியோடு நெருக்கமாக முறுக்கி, மீண்டும் ஏற்றி அளந்து பாருங்கள்.

எஸ்டபிள்யூஆர் 1.5-க்குள் வந்தால் மிக நன்று. 2 வரை கவலையில்லை. 1-ஐத் துரத்திக்கொண்டு மாலைகளை வீணாக்க வேண்டாம். எதையும் காற்றில் அனுப்பாத டம்மி லோடும் (சோதனைக்கான மின்தடை) 1 என்றுதான் காட்டும்.

பேண்ட் முழுவதற்கும் கிடைத்த அளவுகளைத் தேதியோடு குறித்து வையுங்கள். இடி மின்னல் வருமுன் கேபிளை டிரான்ஸீவரிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். ஒரு மழைக்காலம் கழித்து மறுபடி அளக்கும்போது குறிப்பிலிருந்து பெரிதாக விலகியிருந்தால், முதலில் நடு இணைப்பின் டேப்பைப் பிரித்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.