ஜூஸ் கடையில் முதலில் கோப்பையின் அளவைப் பாருங்கள்

‘ஹெல்தி’ என்று பலகை மாட்டிய துரித உணவுக் கடைகளில் சாலட், ராப் எல்லாம் பெரும்பாலும் சரிதான்; சாஸை மட்டும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நாம் ஏமாறுவது ஜூஸில்தான். வடிகட்டும்போது நார்ச்சத்தில் பெரும்பகுதி போய்விடும், சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அரை லிட்டர் ஆரஞ்சு ஜூஸில், சர்க்கரை போடாமலேயே சுமார் 40 கிராம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்குப்படி, 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு நாள் முழுவதற்குமே சர்க்கரை 50 கிராமுக்குள்தான். ஜூஸில் இருப்பதும் தேனும் அதில் சேர்த்தி. அதனால் சின்னக் கோப்பையே போதும். ஸ்மூத்தி என்றால், எதில் அடிக்கிறார்கள் என்று கேளுங்கள்: பாலா, தயிரா, ஷெர்பெட் என்கிற உறைந்த இனிப்பா? எனக்கு ஒருமுறை ஐஸ்கிரீமே விழுந்தது! அப்புறம், ஜூஸ் பசி தாங்காது. முழுப் பழம் வைத்திருந்தால் அதையே கடிக்கலாம்.