கேன்சர் சிகிச்சை முடிந்தாச்சு, இனி எங்கிருந்து தொடங்குவது?

கடைசி கீமோ முடிந்த அன்று வீட்டில் எல்லோரும் "அப்பாடா" என்பார்கள், உங்களுக்கு மட்டும் நாளை காலையிலிருந்து என்ன செய்வது என்றே புரியாது. சாப்பாடு, உடற்பயிற்சி, தூக்கம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றக் கிளம்பாதீர்கள், ஒவ்வொன்றாகப் போகலாம்.

1. சிகிச்சைச் சுருக்கம்

என்ன மருந்து கொடுத்தார்கள், மொத்தம் எவ்வளவு, ரேடியேஷன் எந்த இடத்தில், அடுத்த பரிசோதனை எப்போது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். டாக்ஸோரூபிசின் போன்ற சில கீமோ மருந்துகள் பல வருடம் கழித்தும் இதயத்தைப் பாதிக்கலாம், மொத்த அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். பிற்காலத்தில் வேறு எதற்காகவோ நீங்கள் பார்க்கும் மருத்துவருக்கும் இது தெரிந்தாக வேண்டும்.

2. நடை

இதற்குத்தான் நான் அதிக முக்கியத்துவம் தருவேன். சிகிச்சைக்குப் பிறகு வரும் அசதி படுத்து எழுந்தால் போகிற அசதி இல்லை, மாதக்கணக்கில் நீடிக்கலாம், ஆனால் அளவான உடற்பயிற்சி அதைக் குறைக்கிறது. மருத்துவரிடம் கேட்டுவிட்டு, சமதளமான இடத்தில் 5 அல்லது 10 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் தொடங்குங்கள். வாராவாரம் சில நிமிடம் கூட்டி, வாரத்தில் மூன்று நாள் 30 நிமிடம் என்ற நிலைக்கு வந்தாலே அசதியில் வித்தியாசம் தெரிய வாய்ப்புண்டு. அப்புறம் மெதுவாக வாரத்துக்கு 150 நிமிடம், கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. முடியாத நாளில் பாதி தூரம் போதும்.

கீமோவால் பாதம் மரத்துப்போயிருந்தால் தடுக்கி விழும் ஆபத்து உண்டு, நல்ல பிடிப்புள்ள ஷூ போடுங்கள். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால் அந்தக் கையால் எதையுமே தூக்கக்கூடாது என்று பலர் பயமுறுத்துவார்கள். அப்படியில்லை, மிகக் குறைந்த எடையில் ஆரம்பித்து, பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி படிப்படியாகக் கூட்டலாம். கை வீங்கினாலோ கனத்தாலோ நிறுத்திவிட்டு அவரிடம் காட்டுங்கள்.

3. சாப்பாடு

தட்டில் பாதிக்குக் காய்கறியும் பழமும், மீதியில் முழுதானியம், பருப்பு, மீன், முட்டை மாதிரி. வாய்க்கு ருசி திரும்பாத நாட்களில் இந்தக் கணக்கைப் பார்க்காமல், இறங்குவதைச் சாப்பிடுங்கள். புகையிலை வேண்டவே வேண்டாம், மதுவையும் விட்டுவிடுவது நல்லது. சத்து மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்: புகைபிடிப்பவர்களுக்கு அதிக அளவு பீட்டா கரோட்டின் (கேரட்டில் இருக்கும் சத்து) மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியதுதான் மிச்சம்.

4. பயம்

ஸ்கேன் தேதி நெருங்கும்போது தூக்கம் போவது சகஜம். அதை வீட்டில் மறைக்காமல் சொல்லுங்கள். வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லையென்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள், அதுவும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

5. ஒரு நோட்டு

உடம்பில் புதிதாகத் தெரிவதைத் தேதி போட்டு எழுதுங்கள். சளி, சாதாரண வலியெல்லாம் எல்லோருக்கும் வரும். ஆனால் புதுக்கட்டி, ரத்தக்கசிவு, காரணமில்லாமல் எடை குறைவது, இரண்டு வாரத்துக்கு மேல் போகாத இருமல் அல்லது வலி, இவற்றில் எது இருந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.